பால் ஆமை கோடையைச் சேற்றுக்குள் கழிக்கும்

மெல்லோட்டு ஆமைக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பெரிய ஆற்று வகைக்கு அது சரி. ஆனால் திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் நீடாமங்கலம் பக்கம் அதிகம் தென்படுவது பால் ஆமை என்ற மெல்லோட்டு ஆமை. குளம், குட்டை, வாய்க்கால், நடவு வயல் எல்லாமே அதற்கு வீடுதான். நத்தை, தவளை, மீன், செத்துக் கிடப்பது, நீர்ச்செடி என எதையும் தின்னும்.

சின்ன வயதில் வரப்போரம் ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் பால் நிறம். தலையை இழுத்துக்கொண்டது. அப்புறம் பின்கால்களும் உள்ளே போக, தோல் மடிப்பு இரண்டும் கதவு சாத்துவது போல மூடிக்கொண்டன. மற்ற மெல்லோட்டு ஆமைகள் பலவற்றுக்கு இந்த மடிப்பு கிடையாது.

மேட்டூர் அணையை மூடி வாய்க்கால் வறண்டால் இது சேற்றைத் தோண்டி உள்ளே போய்ப் படுத்துவிடும். மேலே மண் வெடித்துக் கிடக்கும், உள்ளே உயிர் இருக்கும். ஜூன் 12 வழக்கப்படி தண்ணீர் திறப்பதற்கு முன்னால், ஏப்ரல், மே மாதங்களில்தான் தூர் வாருகிறோம். போன வருஷம் எங்கள் வாய்க்காலில் பொக்லைன் அள்ளிப்போட்ட மண்ணில் ஓடு உடைந்து இரண்டு கிடந்தன. மனசு ஆறவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது. தூர் வார வேண்டாம் என்று சொல்லவில்லை, விவசாயிக்கு அது அவசியம். அள்ளிய மண்ணைக் கரையில் பரப்பியதும் ஒரு ஆள் பார்த்து, உயிரோடு இருப்பதைப் பக்கத்துக் குளத்தில் விட்டால் போதும்.