அம்மாவுக்கு மட்டும் அடித்த கருகல் வாடை

இல்லாத வாசனை மூக்கில் தெரிவது பெரும்பாலும் மனப்பிரமையே என்று நான் படித்த ஒரு கட்டுரையில் வந்துள்ள வரியை என்னால் ஏற்க முடியவில்லை. சேலம் அம்மாபேட்டையில் வசிக்கும் என் தாயாருக்குக் கடுமையான சளிக்காய்ச்சல் விட்ட பிறகு, நூல் கருகுவது போன்ற வாடை நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருந்தது. நள்ளிரவில் எழுந்து கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தறிக்குப் போகும் மின்கம்பியை முகர்ந்து பார்ப்பார். எங்களில் ஒருவருக்கும் எந்த வாடையும் தெரியாததால் நாங்களே அவரைக் கடிந்துகொண்டோம் என்பதை எண்ணினால் இன்றும் மனம் வலிக்கிறது.

இதற்கு ஃபாண்டோஸ்மியா என்று பெயர் இருப்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் சொன்னார். வைரஸ் தொற்றாலோ தலைக்காயத்தாலோ வாசனை நரம்புகள் பழுதுபடும்போது, வெளியே எதுவும் இல்லாமலேயே மூளைக்குத் தவறான செய்தி போகிறது; சிலருக்கு ஒற்றைத் தலைவலியும் வலிப்பு நோயும், அரிதாக மூளைக்கட்டியும் காரணமாகலாம். இருக்கும் வாசனையே திரிந்து தெரிவது பாரோஸ்மியா என்னும் வேறு கோளாறு. ஏற்காட்டில் காப்பி பூத்திருந்தபோது மல்லிகை போன்ற அந்த மணத்தை அம்மா சரியாகவே உணர்ந்தார். ஆனால் அதனுடன் கருகல் வாடையும் சேர்ந்தே வந்தது. அது முழுவதுமாக விலக ஏழு மாதங்கள் ஆயின.