அந்தப் பையனை நான் ஏன் வெளியே எடுக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. ஜெயித்தோம். 2-1. சொந்த மைதானத்தில், நம் ஊர் ஜனங்கள் முன்னால். ஜெயித்த டீமின் கோச் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்றால் நம்புவீர்களா? அந்த வாய்ஸ் நோட் உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். எனக்கே நான்கு குரூப்பிலிருந்து வந்தது. பேசியது யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பெயர் சொல்ல வேண்டியதில்லை. "கோச்சால ஜெயிக்கலபா, கோச்சையும் மீறி ஜெயிச்சோம், அந்த ரைட் பேக் பையன இன்னாத்துக்கு உள்ளயே வச்சினு இருந்தாரு." இதுதான் விஷயம். மற்றதெல்லாம் இதன்மேல் கட்டியது.

பதில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். வீட்டிலும் அதையே சொன்னார்கள். முடியவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். 23-வது நிமிஷம் கார்னரில் நம் சீனியர் ஃபார்வேர்ட் தலையால் தட்டி முதல் கோல். இடைவேளை வரை 1-0. இரண்டாவது பாதி தொடங்கி ஏழாவது நிமிஷம் நம் ரைட் பேக், அதாவது வலது பக்கம் தடுத்து ஆடுகிற பையன், பின்பக்கமாக நம் கீப்பருக்குத் தட்டிய பந்து வேகம் போதாமல் நடுவிலேயே நின்றுவிட்டது, அவர்களுடைய ஆள் ஓடிவந்து எடுத்து உள்ளே போட்டுவிட்டான். 1-1. பையனுக்கு வயது பதினாறு. காலரிப் பக்கத்திலிருந்து "அவன எடு, அவன எடு" என்று சத்தம். நான் எடுக்கவில்லை. ஆறு நிமிஷம் கழித்து நான் எடுத்தது கோல் போட்ட சீனியரை. உள்ளே விட்டது இன்னொரு பதினேழு வயதுப் பையனை. அப்போது கிளம்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

81-வது நிமிஷம் இன்னொரு கார்னர், கீப்பர் குத்தி வெளியே தள்ளிய பந்து கூட்டத்துக்குள் விழுந்து அந்தப் பதினேழு வயதுப் பையனின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அழகான கோல் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையனை உள்ளே விட்டதால் ஜெயித்தோம் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பந்து வேறு யார் முழங்காலில் வேண்டுமானாலும் பட்டிருக்கலாம். நான் சொல்வது வேறு. ஆடவிட்டால்தான் ஆட்டக்காரன் வருவான். பெஞ்சில் உட்கார வைத்து யாரையும் ஆட்டக்காரனாக்க முடியாது. பதினாறு வயதில் தப்பு செய்தவனை அந்த நிமிஷமே வெளியே இழுத்தால், அவன் வாழ்க்கை முழுக்க ஒவ்வொரு பந்தையும் பயந்து பயந்து வெளியே அடித்துத் தள்ளுவான். அப்படி ஆன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். நிறைய.

"தோத்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டார்கள். இரண்டு மாதம் முன்னால் இதே மைதானத்தில் 0-3 தோற்றோமே, அன்று இரவு நான் எழுதியது இதே பக்கத்தில் கீழே இருக்கிறது, போய்ப் படியுங்கள். அன்றும் இதைத்தான் எழுதினேன். அன்று பதினெட்டு வயதுக்குக் கீழே நான்கு பேரை ஆடவிட்டேன், இப்போது மூன்று பேர். தோற்ற அன்று ஒரு கோட்பாடு, ஜெயித்த அன்று ஒரு கோட்பாடு என்று வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.

அப்புறம், சீனியரை அவமானப்படுத்திவிட்டேன் என்கிறார்கள். இதற்கு விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர்மேல் எனக்கு இருக்கிற மரியாதை பேசுகிறவர்களுக்கு இருக்காது. அவர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர். சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஞாயிறு காலை ஏழு மணிக்குப் படுத்து மதியம் இரண்டு மணிக்கு எழுந்து மைதானத்துக்கு வந்தார். போன மாதம் தொடையின் பின்பக்கத் தசை பிடித்து மூன்று வாரம் ஆடாமல் இருந்தவர். 50-வது நிமிஷத்துக்கு மேல் அவர் ஓடிப்போய்த் திரும்பும்போது இரண்டு முறை கையைத் தொடையில் வைத்தார். காலரியிலிருந்து அது தெரியாது. கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அந்தத் தசை ஒருமுறை பிடித்தால் சீக்கிரமே மறுபடி பிடிக்கக்கூடியது, கிழிந்தால் சீசனே போய்விடும். அதுவும் நான்கு மணி வெயிலில், புல் இல்லாத கட்டாந்தரையில். நம் வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அவருக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், கால் கிழிந்தால் சம்பளம் யார் தருவது? குரூப்பில் பேசுகிறவர்களா?

ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வெளியே வரும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போகிற பையனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை போட்டிருக்க வேண்டும். அன்று ராத்திரியே போன் செய்து சொல்லிவிட்டேன். "விடுங்க மாஸ்டர், நானே கைகாட்டலாம்னுதான் இருந்தேன்" என்றார். அவருக்கு இல்லாத கோபம் மற்றவர்களுக்கு எங்கிருந்து வருகிறது?

ரைட் பேக் எனக்கு வேண்டியவன் என்று ஒரு பேச்சு. இல்லை. அவ்வளவுதான்.

கெஸ்ட் பிளேயர் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு உண்மையிலேயே ஆறவில்லை. "மெட்ராஸ்ல இருந்து ரெண்டு பேர இறக்குங்க, ஆயிரம் ரெண்டாயிரம் குடுத்தா வருவானுங்க" என்று அதே வாய்ஸ் நோட்டில் கடைசியில் வருகிறது. வருவார்கள், எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆடி, பணம் வாங்கி, ராத்திரி ரயிலில் போய்விடுவார்கள். கோப்பை கிடைக்கும், போட்டோ கிடைக்கும். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு பிராக்டிஸுக்கு யார் வருவார்கள்? ஆற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற பையன் வருவான். குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற பையன் வருவான், அவன் அம்மா பீடி சுற்றுகிறவர், பஸ் காசு கொடுத்து அனுப்புகிறார். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, பையன்கள் பிரியவில்லை, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்தும் இன்னும் இங்கேதான் வருகிறார்கள். அந்த இடத்தில் காசு கொடுத்து ஒருவரை நிறுத்தினால் இவன் என்ன நினைப்பான்? நாளைக்கு ஏன் வருவான்?

சென்னை சிட்டி எஃப்சி 2018-19-ல் ஐ-லீக் என்கிற தேசியக் கால்பந்துப் போட்டியை ஜெயித்தபோது எல்லோரும் ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்களைப் பற்றியே பேசினார்கள். நன்றாக ஆடினார்கள், மறுக்கவில்லை, மான்சி 21 கோல் போட்டார். ஆனால் கோயம்புத்தூரில் அந்த அணியோடு ஓடினவர்களில் தமிழ்நாட்டுப் பையன்கள் எத்தனை பேர்! முந்தைய சீசனில் அந்த அணி பத்து அணிகளில் எட்டாவது இடத்தில் கிடந்தது. அப்போது "இவனுங்கள வச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்று எல்லோரையும் துரத்தியிருந்தால் மறுவருஷக் கோப்பை எங்கிருந்து வந்திருக்கும்? பெரிய அணியோடு நம்மை ஒப்பிடாதே என்பீர்கள். சரி, நம் சத்துவாச்சாரிக்கே வாருங்கள். பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கியபோது எல்லோருக்கும் அவர் நம்ம ஊருப் பையன். தங்கத்துக்கு முன்னால் எத்தனை வருஷம், எத்தனை முறை கம்பி கையிலிருந்து விழுந்திருக்கும்? அப்போது பக்கத்தில் ஒருவர் நின்று, பரவாயில்லை மறுபடி தூக்கு என்று சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? பளு தூக்குகிறவன் தப்பு செய்தால் கம்பி கீழே விழும், அவ்வளவுதான். ரைட் பேக் தப்பு செய்தால் ஊரே பார்க்க கோல் விழுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பையன் சீசன் ஆரம்பத்தில் இரண்டு மாதம் ஆடவில்லை, அப்போது "நல்லா ஆடுற பையன உக்கார வச்சிட்டாரு" என்றும் இதே வாய்கள்தான் பேசின. அவன் ஒரே வருஷத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டான், முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் வீங்கி வலி. வளருகிற பையன்களுக்கு வரும், ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள், பந்தாட்டம் மாதிரி ஓடிக் குதிக்கிற விளையாட்டில் அதிகம். தைலம் தேய்த்து ஆடவிடுகிற கோச்சும் இருக்கிறார்கள். நான் டாக்டரிடம் அனுப்பி, ஓட்டத்தைக் குறைத்து, உட்கார்ந்தபடி பந்தை நிறுத்தவும் தள்ளவும் பழக்கினேன். திரும்பி வந்து அவனுக்கு இது நான்காவது ஆட்டம். கால் நீண்டுவிட்டது, அளவு இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பந்து ஏன் வேகம் போதாமல் நின்றது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அடுத்த வருஷம் அதே பந்து கீப்பரின் காலில் போய் விழும். ஆடவிட்டால்.

அடுத்த வருஷம் அவன் ப்ளஸ் டூ. அதுவே எனக்குப் பெரிய பயம். வருஷாவருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் இரண்டு மூன்று அப்பாக்கள் வந்து "சார், இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுடுங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு வருஷம் போனவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, மார்க்கும் வாங்கலாம் பந்தும் ஆடலாம் என்று நான் மணிக்கணக்கில் பேசி ஒரு பையனை நிறுத்தி வைத்தால், ஒரு வாய்ஸ் நோட் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று கேட்பவர்களுக்கு என் கதையையும் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயது. ஒரு சீசன் முழுக்க டீமில் என் பெயர் இருந்தது. ஒரு நிமிஷம் கூட ஆடவில்லை. எங்கள் அப்பா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை. (கடைசிவரை இதை வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் சொல்வார், பெயர் மாறியதையெல்லாம் அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.) ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறி என் ஆட்டம் பார்க்க வந்தார். காலரியில் நிழல் இருக்கிற பக்கம் உட்காராமல், எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே வெயிலில் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 3-0 என்று முன்னால் இருந்தோம். பத்து நிமிஷம் போதும், தோற்றுப்போக வழியே இல்லை. கோச் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. அப்பா வீட்டுக்குப் போகிற வழியில் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் அம்மாதான் ஜெர்சியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் மண்ணு படலயா?" என்றார். துவைக்காமல் மடித்து வைத்தார். அந்த ஜெர்சி மடித்தபடியேதான் இருந்தது. அடுத்த சீசன் நான் போகவில்லை.

எனக்குத் திறமை எவ்வளவு இருந்தது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். என் கையில் இருக்கிற பையன் ஒருவனுக்கும் அப்படி ஆகக்கூடாது. ஆடட்டும், தப்பு செய்யட்டும், மண் படட்டும். அதன்பிறகு அவனால் முடியாது என்றால் அவனுக்கே தெரியும்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், உண்மையில் எழுத வைத்தது இது எதுவும் இல்லை. என்னைச் சொன்னதற்காக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு மறந்திருப்பேன், இத்தனை வருஷத்தில் கேட்காத பேச்சா? திங்கட்கிழமை நம் டீமுக்கு ஓய்வு. காலையில் நான் கோல் போஸ்ட் வலையைக் கழற்றப் போனால் அந்தப் பையன் சைக்கிளோடு வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. அந்த வாய்ஸ் நோட் அவன் சித்தப்பாவின் போனுக்குப் போயிருக்கிறது. சித்தப்பா சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார், சிரித்தபடி. பையன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சார், நாளைக்கு நான் வரட்டா, வேணாமா?"

வா என்றேன். வலையின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன், மடித்து வைத்துவிட்டுப் போனோம். நேற்று காலை ஐந்து இருபதுக்கே வந்துவிட்டான். கீப்பரை நிற்க வைத்து அதே பந்தை ஐம்பது முறை தட்டினான்.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நீங்களும் இந்த மைதானத்தில் ஆடினவர்தான், உங்கள் இடது கால் அடியை நான் சின்ன வயதில் கயிற்றுக்கு வெளியே நின்று வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு வாருங்கள், அவன்தான் ரைட் பேக். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நேரிலேயே சொல்லுங்கள். அந்த வாய்ஸ் நோட்டை மட்டும் அழித்துவிடுங்கள்.