சிறிய இடம் என்றால் மட்டும் போதுமா?
மொரிஷியஸ் சிறிய நாடு, அதனால்தான் ஆஸ்திரியாவில் உள்ள ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ. என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தால் அதன் மக்கள்தொகை, பொருளாதாரம், நீர், நிலம் எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரிக்குள் கொண்டுவர முடிந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அளவா காரணம்? மொரிஷியஸ் தீவு 1,865 சதுர கிலோமீட்டர். எங்கள் குமரி மாவட்டம் அதைவிடவும் சிறியது. இங்கே யார் வந்து அப்படிக் கணக்குப் போட்டார்கள்? அங்கே மொரிஷியஸ் பல்கலைக்கழகமும் கூட நின்று வேலை செய்தது, அதைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிடுகிறது. எங்கள் கடற்கரையில் கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டபோது அளக்க வந்தவர்கள் ஊர் எல்லையோடு டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீடுகள் தப்பின, உண்மைதான். ஆனால் அந்த வளைவால் இரண்டே மழைக்காலத்தில் பக்கத்து ஊரில் கரைமடி வலையைக் கரையில் நின்று இழுக்கும் மணல் காணாமல் போனது. வள்ளங்களை ஏற்றிவைக்க இடமின்றி ரோட்டோரத் தென்னைகளில் கட்டிப்போட்டிருந்தார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் வெளிநாட்டு நிபுணர்கள் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடி மாதத்தில் ஆறு கடலில் சேரும் எங்கள் பொழிமுகத்தில் மணல் எந்தப் பக்கம் ஏறும் என்பதை எங்கள் தெருவில் வலை பின்னும் பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவார். உள்ளூர் அதிகாரிகளே அவரிடம் இதுவரை கேட்டதில்லை.