நிச்சிபோ கைசுகாவை ஜெயிக்க வைத்தது யார்?

நிச்சிபோ கைசுகா என்ற ஜப்பானியப் பெண்கள் வாலிபால் அணியைப் பற்றி ஒருவர் மேடையில் பேசிய வீடியோவை, இரண்டு நாளாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "அக்கா, நீங்க வாலிபால் ஆடினவங்களாச்சே, பாருங்க" என்று. பார்த்தேன். அரங்கமே கைதட்டிய இடத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. டைமாட்சு என்ற ஒரே ஒரு கோச் மில் பெண்களை அடித்துத் திருத்தி உலக சாம்பியன் ஆக்கினாராம். அவ்வளவு நீளக் கதையில் ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை.

சரி, நான் சொல்கிறேன். கேப்டன் கசாய் மசாயே. மியாமோட்டோ எமிகோ, தனிதா கினுகோ, ஹண்டா யுரிகோ, மட்சுமுரா யோஷிகோ, இசோபே சாதா. ஆடியவர்கள் இவர்கள்.

ஒசாகா பக்கம் கைசுகா என்ற ஊரில் நிச்சிபோ கம்பெனியின் பஞ்சாலை இருந்தது. அந்த ஆலையின் அணி இது. காலையில் அலுவலக வேலை, அது முடிந்ததும் பயிற்சி. பயிற்சி முடிய நள்ளிரவு தாண்டிவிடும், மறுநாள் காலையில் மறுபடி மேஜைக்கு வந்தாக வேண்டும். 1960 உலகப் போட்டியில் ஜப்பான் சோவியத்திடம் தோற்று இரண்டாம் இடம். 1962-இல் மாஸ்கோவுக்கே போய், அவர்கள் ஊர்க்காரர்கள் முன்னாலேயே அவர்களை வென்று வந்தார்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபால் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஜப்பான் பெண்கள் அணியின் 12 பேரில் 10 பேர் இந்த ஒரே ஆலையிலிருந்து போனவர்கள். அக்டோபர் 23, சோவியத்துடன் கடைசி ஆட்டம். 15-11, 15-8, 15-13 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். தோக்கியோ வட்டாரத்தில் அந்த ஆட்டத்தின் டிவி ரேட்டிங் 66.8 சதவீதம்.

பேச்சாளர் அந்த உருண்டு எடுக்கும் ரிசீவைப் பற்றி உருகி உருகிச் சொன்னார். விழுந்து பந்தை எடுத்து, தோளின்மேல் உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்க வேண்டும். நம் தஞ்சாவூர் பொம்மை போல, தள்ளினாலும் எழுந்து நிற்கும் ஒரு பொம்மையைப் பார்த்துத்தான் கோச் டைமாட்சுவுக்கு இது தோன்றியது என்பார்கள். யோசனை அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். தோள் யாருடையது?

கல்லூரியில் நாங்கள் ஆடியது செம்மண் தரை. ஒரு முறை டைவ் அடித்தால் முழங்கையில் தோல் இருக்காது. ராத்திரி ஹாஸ்டலில் டெட்டால் போடும்போது துண்டைக் கடித்துக்கொள்வோம். அதனால்தான் சொல்கிறேன், அந்த உருளலை ஒரு மனிதர் 'செய்ய வைத்தார்' என்று சொல்லாதீர்கள். செய்தவர்கள் அந்தப் பெண்கள்.

"டைமாட்சுவும் கஷ்டப்பட்டவர்தானே, இரண்டாம் உலகப் போரில் இம்பால் வரை போய் உயிர் பிழைத்து வந்தவர்தானே" என்பீர்கள். ஆமாம். அவர் வீராங்கனைகளே அவரை மதித்துத்தான் பேசினார்கள். அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மரியாதை அவர்கள் கொடுத்தது. அதை எடுத்துக்காட்டி நம் பிள்ளைகளை அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

"கண்டிப்பு இல்லாமல் ஜெயிக்க முடியுமா?" இதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். 1965-இல் டைமாட்சு விலகிவிட்டார். கசாயும் போய்விட்டார். அப்புறம் அந்த அணி சுருண்டு விழுந்ததா? இல்லையே! வேறு கோச், புதுப் பெண்கள், ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். 1966-இல் யாஷிக்கா என்ற இன்னொரு கம்பெனி அணியிடம் தோற்கும்வரை, டைமாட்சு காலத்து வெற்றிகளையும் சேர்த்துத் தொடர்ந்து 258 வெற்றி. அவர் போட்ட அஸ்திவாரம் என்று உடனே சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போனாலும் பெருமை அவருக்கே போய்ச் சேர வேண்டும் என்றால், அந்தப் பெண்கள் இன்னும் என்னதான் செய்திருக்க வேண்டும்?

"உனக்கு ஆண்கள் என்றாலே ஆகாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் இல்லை.

கசாய் 1962-லேயே போதும் என்று விலக நினைத்தவர். நாடே ஒலிம்பிக் வரை ஆடச் சொல்லிக் கேட்டது. ஆடினார். தங்கம் வாங்கும்போது அவருக்கு வயது 31. அந்த வயதிலும் கல்யாணம் ஆகவில்லையே என்பதுதான் ஊருக்குக் கவலை. கடைசியில் அந்த நாட்டுப் பிரதமர் சாட்டோவே மாப்பிள்ளையை அறிமுகம் செய்துவைத்தார். உலகத்தை ஜெயித்தவளுக்கே இதுதான் நிலைமை. நான் மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த அன்று, பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோப்பையை உள்ளே கொண்டுபோய் வை என்றார் அம்மா. அந்த வருடத்தோடு என் ஆட்டம் முடிந்தது.

அடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் நெட்டில் பட்டதற்கு, எதிரணிப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோச் என்னை அறைந்தார். அடுத்த சர்வீஸும் நெட்டில்தான் பட்டது. கை நடுங்கினால் வேறு எங்கே போகும்? அந்த அறையால் நான் ஒரு பாயின்ட்கூட எடுத்ததில்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: என் அக்கா மகள் பள்ளி வாலிபால் அணியில் செட்டர், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். நேற்று அவளுடைய கோச் இதே வீடியோவை அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "பெற்றோர் அனைவரும் அவசியம் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகப் பெற்றோர்கள் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள், என் அக்காவும் சேர்த்து. அக்காவிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கு நானும் அவளோடு போகிறேன். அந்த ஆறு பெயர்களையும் அந்த கோச்சிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசப் போகிறேன்.