மேகி ஸ்டெஃபன்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம்

அமெரிக்க வாட்டர் போலோ வீராங்கனை மேகி ஸ்டெஃபன்ஸ் வாங்கிய மூன்று ஒலிம்பிக் தங்கங்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. நீச்சல் குளத்தில் மிதந்தபடி பந்தை எதிரணி வலைக்குள் எறியும் இந்த ஆட்டம் உடம்பை என்ன பாடு படுத்தும் என்பதையும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம். எட்டு நிமிடம் வீதம் நான்கு பகுதி. கோல்கீப்பர் தவிர யாருக்கும் கால் தரையில் படக் கூடாது. இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி மத்து கடைவதுபோலச் சுழற்றித்தான் மிதக்க வேண்டும். அதே நேரத்தில் எதிரணிக்காரி நீருக்கடியில் நீச்சலுடையைப் பிடித்து இழுப்பாள், அதில் பாதி, நடுவர் கண்ணில் படாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானுடன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே மேகிக்கு மூக்கு உடைந்தது. அப்படியும் விலகவில்லை. ஒலிம்பிக் மகளிர் வாட்டர் போலோவில் அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தை அந்தத் தொடரில்தான் பிடித்தார்.

லண்டன் 2012இல் 19 வயதில் 21 கோல்! இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்கு எதிராக மட்டும் 5. அக்கா ஜெசிகாவும் அதே அணியில்.

எனக்கு மனசு ஆறாதது ஒன்றுதான். இவ்வளவு சாதித்த பிறகும், அணியில் பலர் இரண்டு மூன்று வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள் என்று 2024இல் அவரே இன்ஸ்டாகிராமில் எழுத வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் ராப் பாடகர் ஃப்ளேவர் ஃப்ளாவ் அணிக்கு ஸ்பான்சராக வந்தார். நல்ல மனுஷர்.