பெருவிரல் உறுதி

(கொழும்பு வெள்ளவத்தை. கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு தொடர்மாடி வீடு. நொத்தாரிசு அலுவலகம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, வீட்டுப் பேச்சிலும் காணி உறுதிப் பத்திரம் எழுதும் தமிழைக் கைவிடாதவர். அவரோடு பேச வருபவர்களும் இரண்டு நிமிடத்தில் அந்தத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். மேசையில் பெரிய திரை. அதன் பின்னால், மூடிய மேக்புக் என்னும் ஆப்பிள் மடிக்கணினி. முன்னால், கனடாவிலிருந்து மகள் அனுப்பிய, விரல் ரேகை பார்க்கும் ஆப்பிள் விசைப்பலகை. மேல்மாடியில் இருக்கும் மருமகன் அழைக்கப்பட்டு வந்திருக்கிறான்.)

மாமா: வாரும் மருமகன், இந்தக் கதிரையில் இரும். இந்த விசைப்பலகையின் வலது மேல் மூலையிலுள்ள பொத்தானில் காலை ஆறு மணியிலிருந்து இடது பெருவிரலை வைத்து வைத்து எடுக்கிறேன். நாற்பது ஆண்டுகள் கையெழுத்து வைத்த என்னைக் கைநாட்டு ஆளாக்கியதும் போதாதென்று, அந்தக் கைநாட்டையும் ஏற்க முடியாது என்கிறது இது.

மருமகன்: எழுத்துகள் திரையில் விழுகின்றனவா, மாமா?

மாமா: எழுத்துக்கு ஒரு குறையுமில்லை. கடவுச்சொல்லைத் தட்டினால் திறக்கிறது. விரலைத்தான் கண்டுகொள்ளாமல் இருக்கிறது. மாமியின் விரலையும் வைத்துப் பார்த்தேன்.

மருமகன்: மாமியின் விரலை இதில் பதியவே இல்லையே, அது எப்படித் திறக்கும்?

மாமா: இந்த வீட்டில் அவள் தொட்டுத் திறக்காத பொருள் இல்லை என்ற நம்பிக்கையில் வைத்தேன்.

மருமகன்: இன்டெல் சிப் உள்ள பழைய மேக் என்றால், இந்த விசைப்பலகையில் எழுதலாமே தவிர விரலால் திறக்க முடியாது. உங்களுடையது 2020இல் வந்த, ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 உள்ள மேக்புக் ஏர் என்பதால் அந்தக் கவலை இல்லை. இந்த விசைப்பலகையை அக்கா பாவித்தாரா?

மாமா: டொரன்டோவில் அவளுடைய கணினியோடு ஓராண்டு இருந்தது. இங்கே வந்ததும் நான் புளூடூத்தில் இணைத்தேன். இணைந்துவிட்டதாகத் திரையே எனக்கு அறிவித்தது.

மருமகன்: முடிச்சு அங்கேதான் இருக்கிறது. புளூடூத்தில் இணைந்தால் எழுதலாம், அவ்வளவுதான். விரலைக் காட்டித் திறப்பதற்கு, விசைப்பலகையும் கணினியும் வேறாக ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

மாமா: வீட்டில் குடியிருப்பது வேறு, வீட்டின் உறுதி வேறு என்கிறீர்.

மருமகன்: அதேதான். அந்த உறுதி இன்னும் அக்காவின் கணினியின் பேரில் கிடக்கிறது. ஒரு விசைப்பலகை ஒரு நேரத்தில் ஒரு மேக்கோடு மட்டுமே அந்த ஒப்பந்தத்தில் இருக்கலாம். ஆனால் ஒரு மேக் ஐந்து விசைப்பலகைகள் வரை வைத்துக்கொள்ளலாம்.

மாமா: பாஞ்சாலியின் கதையைத் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள். இதை மாமியின் காதில் விழும்படி சொல்லாதேயும். அது கிடக்கட்டும், நாளைக்கு இந்தப் பலகையைக் கனடாவுக்குத் திருப்பி அனுப்பினால் என் பெருவிரல் அடையாளமும் அதோடு போய்விடுமா?

மருமகன்: போகாது. விரலைப் பார்ப்பது மட்டுமே இதன் வேலை. பதிவு முழுவதும் மடிக்கணினிக்குள், செக்யூர் என்க்ளேவ் என்னும் தனி அறையில் பூட்டிக் கிடக்கிறது. மடிக்கணினியின் பொத்தானில் நீங்கள் முன்பு பதிந்த விரலை, ஒப்பந்தம் முடிந்த பிறகு இந்தப் பொத்தானும் ஏற்றுக்கொள்வதற்கு அதுவே காரணம்.

மாமா: காணிப் பதிவகம் உள்ளே இருக்கிறது, வாசலில் நிற்கும் பியூன் இது. விளங்கிவிட்டது.

மருமகன்: அப்படியானால் மடிக்கணினியைத் திறவுங்கள்.

மாமா: (எழுந்துவிடுகிறார்) மூடியபடியே பாவிக்கலாம் என்பதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும்?

மருமகன்: ஒரே ஒரு முறைதான், மாமா. விசைப்பலகையைக் கேபிளால் சொருகி, சிஸ்டம் செட்டிங்ஸில் விரலடையாளத்துக்கான டச் ஐடி என்னும் பகுதிக்குப் போய் விரலைச் சேர்க்கும்போது, மடிக்கணினியின் சொந்தப் பொத்தானை இரண்டு முறை அழுத்தச் சொல்லும். எங்கோ இருந்துகொண்டு ஒருவர் களவாக இணைக்கவில்லை, கணினியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பவரே இணைக்கிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

மாமா: (முகம் மலர்கிறது) இரண்டு அழுத்தல், இரண்டு சாட்சி! 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதி செல்லுபடியாவதற்கு நொத்தாரிசோடு இரண்டு சாட்சிகளும் வேண்டும். இதைச் செய்தவன் சட்டம் படித்தவன்.

(மருமகன் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, மூடியை நாலு விரற்கடை மட்டும் உயர்த்துகிறார். உள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்று வழுக்கி விழுகிறது.)

மருமகன்: இது என்ன, மாமா? "கிழக்கு ஒழுங்கை, வடக்கு..."

மாமா: வாசியாதேயும்! அது என் கடவுச்சொல். மூடிய கணினியின் உள்ளே வைப்பதைவிடப் பத்திரமான இடம் ஏது?

மருமகன்: காகிதம் பத்திரமாகத்தான் இருக்கும், திரைதான் இருக்காது. மூடிக்கும் விசைகளுக்கும் நடுவே எதையாவது வைத்து அழுத்தினால் அது பழுதாகிவிடும். உங்கள் விரலில் வெள்ளையாக என்ன?

மாமா: வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு.

மருமகன்: அதைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள். சுண்ணாம்புக்கு ரேகை கிடையாது.

(கழுவுகிறார், சாரத்தில் துடைக்கிறார். கேபிள் சொருகப்படுகிறது. மடிக்கணினியின் பொத்தானை மாமா முத்திரை குத்தும் கம்பீரத்தோடு இரண்டு முறை அழுத்துகிறார். மூடி மறுபடி மூடப்படுகிறது. பெருவிரலை விசைப்பலகையில் வைக்கிறார், திரை திறக்கிறது. அடுத்த கணமே கறுத்துவிடுகிறது.)

மாமா: எதிர்த்தரப்பு மேன்முறையீடு செய்துவிட்டதா?

மருமகன்: (குனிந்து) இல்லை. மாமி கிரைண்டர் போடுவதற்காக இந்தப் பிளக்கைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். மூடியிருக்கும் மடிக்கணினி வெளித்திரையில் இயங்க வேண்டுமென்றால் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் உறங்கிவிடும்.

(சம்பல் அரைபட்டு முடியும்வரை இருவரும் காத்திருக்கிறார்கள். பிளக் திரும்பி வருகிறது. ஒரு விசையைத் தட்டி, பெருவிரலை வைக்கிறார். திறக்கிறது.)

மாமா: இனி அந்தக் கடவுச்சொல்லை நான் தட்ட வேண்டியதே இல்லை.

மருமகன்: அப்படிச் சொல்லிவிட முடியாது. கணினியை நிறுத்திப் போட்டால் கேட்கும். நாற்பத்தெட்டு மணித்தியாலம் திறக்காமல் விட்டாலும், ஐந்து முறை விரல் பிழைத்தாலும் கேட்கும். இன்று காலை மாமியின் விரலோடு எத்தனை முறை பிழைத்தீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். எப்படியும் அந்தச் சொல் உங்களுக்கு வேண்டும். அது ஏன் இவ்வளவு நீளம்?

மாமா: யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் வளவின் நான்கு எல்லைகளையும் உறுதியில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருக்கிறேன். தட்டி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அதனால்தான் இந்த விரல் வித்தையைத் தேடினேன்.

மருமகன்: கிழக்கையும் வடக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்களேன்.

மாமா: (கதிரையில் நிமிர்ந்து) தெற்கு வேலியில் ஒரு முழம் போனதற்காக என் தகப்பனார் பதினொரு ஆண்டுகள் வழக்காடினார். நீர் ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் தெற்கு எல்லையையே எடுக்கச் சொல்கிறீர்!