ஓடிபி வருகிற நேரத்தில்தான் ஓட்டுக் கேட்பீர்களா?

ஆறு இலக்கம், அறுபது நொடி. அவ்வளவுதான் கொடுக்கிறார்கள். அந்த அறுபது நொடிக்குள் போன் அடிக்கிறது. எடுத்தால் “அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே” என்று ஒரு பதிவுக் குரல். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆறவில்லை.

அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான். ஏழாம் வகுப்பு. அவனுக்காகவே ரிச்சி தெரு வரை போய் ஒரு கார் பந்தய கேம் வாங்கி வந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். டவுன்லோடாகவும் கிடைக்கும். ஆனால் வேண்டுமென்றேதான் டிஸ்க் வாங்கினேன். கையில் இருந்தால் நம்முடையது, நெட் இருக்கிறதோ இல்லையோ எப்போது வேண்டுமானாலும் போட்டு விளையாடலாம் என்றுதான். ஒரே சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து, டிவித் திரையை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு காரை ஓட்டுகிற விளையாட்டு. இதில் இன்டர்நெட்டுக்கு என்ன வேலை? நீங்களே சொல்லுங்கள்.

டிஸ்க்கைப் போட்டதும் அப்டேட் கேட்டது. 38 ஜிபி. மத்தியானம் ஆரம்பித்தது, விளக்கு வைத்த பிறகுதான் முடிந்தது. முடிந்ததும் ஒரு ஒப்பந்தம். கடைசி வரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனால்தான் ‘ஏற்கிறேன்’ பட்டன் வேலை செய்யும். அதையும் செய்தாயிற்று. அப்புறம் கணக்கில் நுழையச் சொன்னது. கேம் ஓடுகிற பெட்டியான கன்சோலுக்கு என்று ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. அது போதாது, கேமைத் தயாரித்த கம்பெனிக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டுமாம். டிவித் திரையில் வரும் கீபோர்டில், கன்ட்ரோலரின் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக ஈமெயில் முகவரி அடிக்க வேண்டும். பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு. பிறந்த தேதி. எந்த நாடு. கடைசியில் மொபைல் எண்.

இவ்வளவு நேரமும் பையன் இரண்டாவது கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். சும்மா வைத்திருந்தால் அது தானாக அணைந்துவிடும். அணையக்கூடாது என்று நடுவில் இருக்கும் பட்டனை அவ்வப்போது தொட்டுக்கொண்டே இருந்தான். ஒரு கட்டத்தில் கேட்டான்: “மாமா, டிஸ்க்குக்குள்ளதானே கேம் இருக்கு?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஓடிபி வந்தது. மேலே எட்டிப் பார்த்த அறிவிப்பில் முதல் மூன்று எண்ணைப் படித்திருப்பேன், அதற்குள் போன் அடித்தது. அழைப்பு திரை முழுவதையும் மூடிக்கொண்டது. ஏதோ பத்து இலக்க எண். கட் செய்தேன். மெசேஜைத் திறந்து மிச்ச எண்ணைப் பார்த்து, அதே அம்புக்குறியால் நகர்ந்து நகர்ந்து அடித்து முடிப்பதற்குள் ‘காலாவதியாகிவிட்டது’ என்று வந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்லும் பட்டன் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அதற்கும் ஒரு கவுன்ட்டவுன் ஓடுகிறது, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து அழுத்தினேன். ஓடிபியும் போன் அழைப்பும் ஒன்றாகவே வந்தன. இந்த முறை எடுத்தேன். யாராக இருந்தாலும் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று எடுத்தேன். “வணக்கம்” என்றது குரல். ஒரு கட்சித் தலைவரின் குரல். எங்கள் தொகுதியின் பெயரைச் சொல்லி, எங்கள் பகுதிக்கு என்னென்ன செய்தோம் என்று பட்டியல் போட ஆரம்பித்தது. “சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க” என்றேன். நிற்குமா? அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறது. குறுக்கே பேச முடியாது, கேள்வி கேட்க முடியாது, திட்டினாலும் அதன் காதில் விழாது. வைத்துவிட்டுத் திரும்பினால் அந்த ஓடிபியும் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதே குரல் வேறொரு எண்ணிலிருந்து வந்தது. அதோடு டிவியில், ‘பலமுறை முயன்றுவிட்டீர்கள், 24 மணி நேரம் கழித்து முயலவும்’.

24 மணி நேரம்! என் வீட்டில், என் டிவியில், நான் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை நான் போட்டு விளையாட 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பையன் ஒன்றும் சொல்லவில்லை, கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கட்சிக்காரர்கள் ஒரு பக்கம், எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு பக்கம் என்று பிடித்துக்கொள்வார்கள், பேச வந்த விஷயம் காணாமல் போய்விடும். எனக்குப் பேசாத கட்சி என்று ஒன்று பாக்கியில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் கேம் கம்பெனிகளுக்கு வருகிறேன். பையன் கேட்ட கேள்விக்கு நியாயமான பதில் ‘இல்லை’ என்பதுதான். பல விளையாட்டுகளில் டிஸ்க் வெறும் சாவி, பூட்டு கம்பெனிக்காரன் வீட்டில் இருக்கிறது. அவன் நினைத்தால் பூட்டை மாற்றிவிடுவான். யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 2014இல் ‘தி க்ரூ’ என்று ஒரு கார் விளையாட்டு வெளியிட்டது. ஆளில்லாத சாலையில் தனியாக ஓட்டுவதற்கும் அதற்குக் கம்பெனியின் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள். அத்தோடு அந்த கேம் செத்தது. டிஸ்க் வைத்திருந்தவனுக்கும் அதே கதிதான். போதாக்குறைக்கு, வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்தே அதன் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். சோனியின் ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. இரண்டே வாரம். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதை மறைக்கக்கூடாது. ஆனால் எல்லாருக்கும் அந்த மனசு வருமா?

‘தி க்ரூ’வை மூடியதைப் பார்த்து வயிறெரிந்துதான் ராஸ் ஸ்காட் என்பவர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் கொடுத்த மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது. கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: விற்ற விளையாட்டைக் கைவிடும்போது, வாங்கியவன் தொடர்ந்து ஆடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டலாக விற்கும்போது, நீ வாங்குவது உரிமம் மட்டும்தான் என்று வாங்குகிறவனுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில், உள்ளங்கையைவிடச் சின்ன இடத்தில், எறும்பளவு எழுத்தில் ‘இணைய இணைப்பும் கணக்கும் தேவைப்படலாம்’ என்று போட்டிருக்கிறார்கள். தேவைப்படலாமாம்! தேவை என்று போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரியும், அதனால்தான் அந்த ‘லாம்’.

அடுத்து கட்சிகள். என் நம்பர் உங்களுக்கு யார் கொடுத்தது? வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும், வயது இருக்கும், வீட்டு எண் இருக்கும். போன் நம்பர் கிடையாது. பிறகு எப்படி என் எண்ணையும் என் தொகுதியையும் சேர்த்துப் பிடித்தீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு எந்தக் கட்சியாவது வாய் திறந்து பதில் சொல்லியிருக்கிறதா?

விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிந்துகொள்ள வேண்டியதுதானே என்று யாராவது சொல்ல வருவீர்கள். பதிந்தாயிற்று, முழுத்தடையே போட்டாயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறையில் எதையெதைத் தடுக்கலாம் என்று வகை பிரித்திருக்கிறார்கள்: வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி, ஆரோக்கியம், சுற்றுலா, சாப்பாடு என்று போகிறது. அரசியல் என்று ஒரு வகை அதில் இல்லவே இல்லை. வணிக அழைப்புகளுக்குத்தான் அந்த விதி. பிளாட் விற்கிறவனைத் தடுக்கலாம், கிரெடிட் கார்டு விற்கிறவனைத் தடுக்கலாம், ஓட்டுக் கேட்கிறவனைத் தடுக்க வழியில்லை. தேர்தல் நேரத்தில் மொத்தமாக அனுப்பும் குரல் பதிவுகளுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. அனுமதி ஆணையத்திடம் வாங்குகிறார்கள், சரி. போன் என்னுடையதாயிற்றே, என்னிடம் யார் கேட்டது?

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. 2004 மக்களவைத் தேர்தலிலேயே வாஜ்பாயின் பதிவுக் குரல் நாடு முழுக்கப் போனில் வந்தது. அன்றைக்கு அது புதுமை, பிரதமரே பேசுகிறார் என்று ஜனங்கள் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார்கள். அதற்கப்புறம் மிஸ்டு கால் கொடுத்தால் கட்சி உறுப்பினர் என்று பாஜக ஆரம்பித்தது. 2024 பிப்ரவரியில், பிறந்தநாளன்று ஜெயலலிதாவின் குரலைச் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கி அதிமுக வெளியிட்டது. இறந்துபோனவர்களையும் நிம்மதியாக விடுவதில்லை. அதே ஆண்டு மார்ச்சில், தேர்தல் தேதி அறிவித்த பிறகும் மத்திய அரசின் திட்டங்களைச் சொல்லும் ‘விக்சித் பாரத்’ வாட்ஸ்அப் செய்தி ஜனங்களுக்கு வந்துகொண்டே இருந்தது. நிறுத்துங்கள் என்று தேர்தல் ஆணையம் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்று திமுக வீடு வீடாக வந்து உறுப்பினர் சேர்த்ததே, அதில் ஓடிபி கேட்டார்கள். கட்சியில் சேர ஓடிபி! யாரிடமும் ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்று வங்கியும் போலீஸும் தொண்டை கிழியக் கத்துகிற காலத்தில், வாசலில் வந்து நிற்கிற ஒருவரிடம் ஓடிபியைச் சொல்லச் சொன்னார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மேல்முறையீட்டுக்குப் போனார்கள், உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. அந்த நீதிபதிகளுக்கு என் நன்றி.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து 2017இல் தீர்ப்பு எழுதினார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற 2023 ஆனது. அதற்கு விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது, என் நம்பர் மட்டும் ஊர் முழுக்க இருக்கிறது.

கேம் கம்பெனியும் கட்சியும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டு பேருக்கும் என் நம்பர் வேண்டும், என் சம்மதம் வேண்டாம். வாங்குகிற வரைக்கும், ஓட்டுப் போடுகிற வரைக்கும் ஆயிரம் முறை வருவார்கள். அதற்கப்புறம் நாம் ஒன்று கேட்கப் போனால் அந்தப் பக்கம் ஆளே இருக்காது. கேம் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று உடனே பதில் வந்தது, எழுதியது மனிதர் இல்லை. கட்சி அழைப்பு வந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டேன். ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்றது.

நான் கேட்பது கொஞ்சம்தான். சோபாவில் உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டை நெட் இல்லாமல் ஓட விடுங்கள். டிராய் பட்டியலில் அரசியல் என்று இன்னொரு வகையைச் சேருங்கள், வேண்டாம் என்கிறவன் வேண்டாம் என்று போட்டுக்கொள்ளட்டும். ஓட்டு வேண்டுமா, தெருவுக்கு வாருங்கள், கதவைத் தட்டுங்கள், தண்ணீர் தருகிறேன், நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன், நான் கேட்பதற்கும் நின்று பதில் சொல்லுங்கள். எங்கள் தெரு முனையில் மழைநீர்க் கால்வாய் மூடி உடைந்து கிடக்கிறது. அதைப் பற்றி ஒரு பதிவுக் குரலிடம் நான் எப்படிக் கேட்பது?

அப்புறம் இந்த ரீசார்ஜ். இதையும் கேட்டுவிடுகிறேன். 28 நாளைக்கு ஒரு மாதம் என்று எந்தக் காலண்டரில் இருக்கிறது? வருஷத்துக்கு 12 மாதம், இவர்களுக்கு மட்டும் 13 ரீசார்ஜ். 28ஐ 13ஆல் பெருக்கிப் பாருங்கள், 364 வரும். 30 நாளுக்கு ஒரு திட்டமாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே டிராய் உத்தரவு போட்டது. என் போன் ஆப்பைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க 28தான், அந்த 30ஐக் கீழே கீழே போய்த் தேட வேண்டியிருக்கிறது. கட்டாமல் விட்டால் கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். ஆக, அந்தத் தலைவரின் குரலைக் கேட்பதற்கும் காசு கட்டுவது நான்தான். மாசக் கணக்கு என்றால் மாசக் கணக்காக விற்க வேண்டியதுதானே!